இருவர் கோடு

சித்திரை வெயிலில் உப்பல் வட்டாரமே வறுபட்டுக்கொண்டிருந்தது. கொடியில் இரண்டாவது புடவையை உதறிப் போடுவதற்குள் முதல் புடவை விறைத்துவிடும். அப்படிப்பட்ட நாளில், ஜன்னல்கூடத் திறக்காத ஓர் அறைக்குள் தினமும் காலையில் ஒரு தொட்டித் தண்ணீர் சேர்ந்திருந்தால் யாருக்கும் பயம் வரும். கல்பகத்துக்கு மட்டும் வரவில்லை. அவள் அதற்காகவே விடியுமுன் எழுந்து காத்திருந்தாள்.

அறை அவள் கணவர் ராஜாராமனுடையது. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் சாமான்களைச் சோதித்துப் பாஸ் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தரைத்தள வீடு, பின்சுவர் முழுக்க ஓதம். நுரையீரல் கெட்ட மனிதருக்கு ஓதம் ஆகாது என்று மகள் ஹம்ஸினி டீஹியூமிடிஃபயர் வாங்கி வைத்தாள். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீராகச் சேர்க்கும் மெஷின்.

ராஜாராமன் எதையும் அளக்காமல் விட்டதில்லை. ஓதம் அடங்கியபிறகும் தொட்டியில் தண்ணீர் வருவதைப் பார்த்து, "இது சுவர்த் தண்ணி இல்லே கல்பகம், நம்ம மூச்சும் வேர்வையும்தான்" என்று கண்டுபிடித்தார். வெளிக்காற்று காய்ந்து கிடக்கும் கோடையில்தான் கணக்கு சரியாக வரும் என்று போன மே மாதம் வரை பொறுத்திருந்தார். அவள் ஒரு கல்யாணத்துக்காக ஸ்ரீரங்கம் போயிருந்தபோது, தான் தனியாகப் படுத்த இரவின் தண்ணீருக்கு ஒரு கோடு போட்டார். அவள் திரும்பி வந்த பிறகு அதற்கு மேலே இன்னொரு கோடு. அழியாத மசியில், கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் 'ஒருவர்', மேல்கோட்டுக்குப் பக்கத்தில் 'இருவர்'. பெண்டாட்டியின் மூச்சைக்கூட அளந்து பார்க்கிற மனுஷன் என்று அவள் அப்போது தலையில் அடித்துக்கொண்டாள்.

மாசியில் அவர் அந்தக் கட்டிலிலேயே போனார். கடைசியில் துளசி போட்ட கங்கை ஜலத்தை அவள்தான் வாயில் விட்டாள். பாதி உள்ளே போயிற்று. பாதி கடைவாயோரம் வழிந்துவிட்டது. அந்தப் பாதி அவளை இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. காரியமெல்லாம் முறைப்படி நடந்து, போனவருக்குத் தாகம் தீர எள்ளும் தண்ணீரும் விட்டாயிற்று. ஆனால் மெஷினை நிறுத்த அவளுக்குக் கை வரவில்லை. அவர் இருந்தவரை நிறுத்த விட்டதில்லை.

தொட்டித் தண்ணீரை பாத்ரூமில் கொட்டவும் மனம் ஒப்பவில்லை. அதிலே அவருடைய கடைசி மூச்சும் இருக்கிறதே! பால்கனித் துளசிக்கு ஊற்றினாள். முழங்கால் வலியில் தினமும் தொட்டியைத் தூக்க முடியாமல் போனபோது, மெஷினோடு வந்த குழாயை எடுத்து ஒரு முனையை மெஷினில் மாட்டினாள். மறுமுனையைக் கதவிடுக்கு வழியாகக் கொண்டுபோய், இடுப்பு உயர ஸ்டாண்டிலிருந்த துளசித் தொட்டியின் அடி ஓட்டையில் கச்சிதமாகச் செருகினாள். அவருக்குப் பெண்டாட்டியாக இத்தனை வருஷம் இருந்ததற்கு இதுகூடத் தெரியாதா என்று பெருமையாகவும் இருந்தது.

குழாய் மாட்டிய பிறகும் தொட்டி நிரம்பியது. முன்னைவிட அதிகமாக. அதையும் சொம்பு சொம்பாக மொண்டு துளசிக்கே ஊற்றினாள். பூட்டிய அறை, படுக்க ஆள் இல்லை, வெளியே அனல். முதல்நாள் மெஷின் நிரம்பிவிட்டதென்று கூவியபோது அவளுக்கு முதுகு சில்லிட்டது. குனிந்து முகர்ந்தாள். துளசி வாசனை. வாயில் விட்ட அதே துளசி. அவர் போகவில்லை என்று அன்றைக்குத் தீர்மானித்தாள். அதன்பிறகு அறைக்குள் இரைந்து பேசுவதில்லை. வெளியே வரும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்துவாள்.

ஹம்ஸினி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது விஷயம் உடைந்தது.

"அப்பா இன்னும் மூச்சு விட்டுண்டிருக்கார்டி."

ஹம்ஸினி இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் தமிழ் ஓடிப்போய் ஊர்ப் பேச்சு வந்துவிடும், 'ஏன்' என்பது 'கைக்கு' ஆகிவிடும். "கைக்கும்மா இப்படிப் பேசறே? எனக்கு பயமா இருக்கு. தண்ணிய பாத்ரூம்ல கொட்டிட்டு மெஷின ஆஃப் பண்ணு."

"பாத்ரூம்லயா? அப்பாவையா?"

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து குழாயைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்து பால்கனிவரை போனாள். துளசித் தொட்டியின் அடியைத் தடவிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது.

"அம்மா, குழாய் மெஷின்லேர்ந்து கீழ்நோக்கிப் போகணும். நீ மேல ஏத்திருக்கே. மெஷின் தண்ணி எப்படிம்மா மேல ஏறும்? நீ துளசிக்கு ஊத்தற தண்ணிதான் அடி ஓட்டை வழியா இறங்கி, திரும்ப மெஷினுக்கு வருது. அதையே எடுத்து மறுபடி துளசிக்கு ஊத்தறே. ஒரே தண்ணி சுத்திண்டே இருக்கு!"

கல்பகத்துக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, மாசியில் நடந்தது இரண்டாவது தடவையாக நடந்துவிட்டது போலிருந்தது. துளசி வாசனை துளசித் தொட்டியிலிருந்தே வந்திருக்கிறது. அவ்வளவு நாளும் அவள் தான் ஊற்றிய தண்ணீரிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஹம்ஸினி குழாயைக் கழற்றிச் சுருட்டித் தன் காரிலேயே போட்டுக்கொண்டாள். மெஷினின் குழாய்வாயை ரப்பர் மூடியால் அடைத்தாள். தொட்டியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, திரும்பச் செருகினாள். அதற்குமேல் என்ன சொல்லியும் அம்மா மெஷினை நிறுத்தச் சம்மதிக்கவில்லை.

"சரி, ஓடட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். தொட்டி காலியா இருந்தா நீ என்னோட வந்துடணும். இந்த வீட்ட வாடகைக்கு விட்டுடலாம். தனியா இருந்தா இப்படித்தான் ஏதாவது தோணும். சரியா?"

"தண்ணி வரலேன்னா வரேன்."

"சத்தியமா?"

"சத்தியமாடி."

தண்ணீர் வரவில்லை. கல்பகம் காலையில் இழுத்துப் பார்ப்பாள். தொட்டி ஹம்ஸினி காயவைத்தபடியே இருக்கும். நாளைக்கு வரும் என்று ஒவ்வொரு நாளும் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். வாரக் கடைசிக்குள் அதற்கும் தெம்பில்லாமல் போயிற்று. சொன்ன சொல்லை மீறும் வழக்கம் அவளுக்கு இல்லை. சனிக்கிழமை பெட்டியைக் கட்டினாள். துளசியைப் பக்கத்து வீட்டு மாதங்கியிடம் ஒப்படைப்பதாகச் சொல்லி வைத்தாள். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனாள். அவர் போன பிறகு அவள் அங்கே படுத்ததே இல்லை. கடைசியாக ஒரு ராத்திரி படுத்துவிட்டுப் போனால் என்ன?

கதவைச் சாத்தி, மெத்தையில் வழக்கம்போலச் சுவரோரமாக ஒடுங்கிக்கொண்டாள். "நான் நாளைக்குக் கிளம்பறேன்னா" என்றாள் இருட்டைப் பார்த்து. "அந்த அரைவாய் ஜலத்தை மனசுல வச்சுக்காதேங்கோ." மெஷின் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. அவர் போனதிலிருந்து வராத தூக்கம் அன்றைக்கு அசந்து வந்தது.

வாசல் மணி அடித்தபோதுதான் விழித்தாள். நன்றாக விடிந்திருந்தது. ஹம்ஸினி உள்ளே வந்து கட்டிவைத்த பெட்டியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள். நேரே அறைக்குப் போய்த் தொட்டியை இழுத்தவள் கை கனத்தில் தடுமாறியது. தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தியது.

"நீ இங்க படுத்துண்டியாம்மா?"

"நேத்து மட்டும்."

"அதானே பாத்தேன்!" ஹம்ஸினி பெருமூச்சு விட்டாள். "ஆள் உள்ள படுத்தா தண்ணி வரத்தான் வரும். உன் மூச்சு, உன் வேர்வை. இதுல ஒண்ணும் இல்லே. நீ கிளம்பு."

கல்பகத்துக்கும் அது நியாயமாகவே பட்டது. பெட்டியை எடுக்கத் திரும்பினாள். ஹம்ஸினி பின்னால் வராததால் நின்று பார்த்தாள்.

மகள் தொட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்திருந்தாள். பக்கவாட்டில் இருந்த அப்பாவின் கையெழுத்தை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். உதடு அசையாமல் கீழ்க்கோட்டைப் படித்தாள். பிறகு மேல்கோட்டைப் படித்தாள். சிந்தியது போக, தண்ணீர் மேல்கோட்டைத் தொட்டு நின்றது.

"இது எப்பம்மா போட்டது?"

"போன மே மாசம். நான் ஸ்ரீரங்கம் போயிருந்தேனே, அப்ப அவர் தனியா படுத்ததுக்குக் கீழ்க்கோடு. நான் வந்தப்புறம் மேல்கோடு."

ஹம்ஸினி மெஷினைப் பார்த்தாள். ரப்பர் மூடி அடைத்தபடியே இருந்தது. பால்கனிக் கதவு தாழிட்டிருந்தது. கட்டிலைப் பார்த்தாள். அம்மா படுத்திருந்த சுவரோரம் விரிப்பு கசங்கியிருந்தது. வெளிப்பக்கமும் கசங்கியிருந்தது. குனிந்து தொட்டியை முகர்ந்தவள், துளசி வாசனையில் சட்டென்று தலையை நிமிர்த்திக்கொண்டாள். மகளின் கை மயிரெல்லாம் குத்திட்டு நிற்பதைக் கல்பகம் பார்த்தாள்.

"அம்மா."

"என்னடி?"

ஹம்ஸினி தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சொட்டுக்கூடச் சிந்தாமல் மெல்ல நடந்தாள். பாத்ரூம் கதவு திறந்துதான் கிடந்தது. அதைத் தாண்டிப் போய், பால்கனித் தாழை முழங்கையால் நீக்கி, துளசியின் வேரில் ஊற்றினாள்.