பாறையில் கறுப்புக் கூழ்

மழை விட்டதும் கோல்மன் லினான் மேட்டு மேய்ச்சலுக்கு ஏறினான். குளிர்காலம் வந்தால் மாடுகளைச் சுண்ணாம்புப் பாறை மேட்டுக்கு ஓட்டுவது அயர்லாந்தின் அந்தப் பக்கத்து வழக்கம். அவனுடைய சிவலைப் பசு நான்கு நாளாகப் புல்லில் சரியாக வாய் வைக்கவில்லை. பக்கத்து நிலத்து டீலியாவின் சுவரோரம் பாறையெங்கும் கன்னங்கரேலென்று திட்டுத் திட்டாகக் கூழ். போன வாரம் வெயிலில் வந்தபோது அது கண்ணில் படவே இல்லை.

ஒரு கண்ணாடிக் குப்பியில் சுரண்டிக்கொண்டு வந்து மனைவி நூலாவிடம் நீட்டினான். "பாத்தியா, டீலியா வேலைதான்!" அண்டை வீட்டுச் செழிப்பை இழுத்துக்கொள்ள அவர்கள் நிலத்தில் முட்டையும் இறைச்சியும் ஒளித்து வைத்துச் செய்வினை செய்வார்கள் என்று இன்னும் நம்புகிறவர்கள் உள்ள ஊர் அது.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? மாட்டு டாக்டரைக் கூப்பிடு."

"செய்வினைக்கு டாக்டர் ஊசி போடுவாராக்கும்!" என்று பசுவின் மேல் தீர்த்தம் தெளித்தான் அந்த மகா புத்திசாலி.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் இரண்டே பேர் காதில் போட்டான். போதாதா? அடுத்த ஞாயிறு டீலியாவின் பெஞ்சில் அவளைத் தவிர யாருமில்லை. கோயில் விற்பனையில் அவள் சுட்டு வைத்த ஆறு ரொட்டியும் அப்படியே கிடந்தன.

"என் கை பட்டா என்னய்யா ஒட்டிக்கும்?" என்று கேட்டாள். எல்லாரும் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்கள். முப்பது வருஷம் வாழ்ந்த வீட்டைப் பூட்டிவிட்டு, கால்வே நகரில் இருக்கும் தங்கையிடம் போய்விடுவதென்று அன்றே பெட்டி கட்டத் தொடங்கினாள். எத்தனை கொடுமை!

நூலா புருஷனுக்குத் தெரியாமல் மாட்டு டாக்டர் ஹைன்ஸை வரவழைத்தாள். அவர் பசுவின் விலாவைக் கீறி, இரைப்பைக்குள் முழங்கைவரை கையை விட்டு, விரல் நீள நீலக் கம்பி ஒன்றை எடுத்தார்.

"யாரு கம்பி இது?"

கோல்மனுக்கு முகம் செத்துவிட்டது. சாந்தில்லாமல் அடுக்கிய மேட்டுக் கல்சுவரை மாடு நுழையப் பிரித்தால் அன்றைக்கே கல்லை அடுக்கி மூட வேண்டும். அவன் சோம்பல்பட்டு இடைவெளியில் இந்த நீலக் கம்பியைக் கட்டிவிட்டு, வெட்டிய துண்டுகளைப் புல்லிலேயே விட்டிருந்தான்.

"அப்ப இது?" என்று குப்பியைக் காட்டினான். உள்ளே கருகிய காகிதம்போல் காய்ந்து கிடந்தது. டாக்டர் தண்ணீர் ஊற்றினார். சற்று நேரத்தில் மறுபடியும் கூழாக உப்பியது.

"சுண்ணாம்புக் கல்லுல வளர்ற ஒரு வகைப் பாசி. மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். உன் வீட்டுச் சுவத்துலயும் இதேதான்யா! அதை யாரு வச்சா?"

கோல்மன் டீலியா வீட்டுக்கு ஓடினான். வாசலில் பெட்டிகள் நின்றன.

"மன்னிச்சிடுங்கக்கா."

"எங்கிட்ட எதுக்கு? எங்க சொன்னியோ அங்க போய்ச் சொல்லு."

ஞாயிறு கோயில் வாசலில், கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் தன் தப்பைச் சொன்னான். டீலியா நேரே அவனெதிரே வந்து நின்றாள்.

"பாறையில இருக்கறது வெயில் வந்தா சுருங்கிடும் கோல்மன். நீ ஊர் வாயில போட்டது சுருங்காது. சந்தேகம் வந்தா முதல்ல சம்பந்தப்பட்ட ஆளைக் கேக்கணும். ஊருக்குச் சொல்லிட்டு அப்புறம் உண்மையைத் தேடினா, அதுக்குள்ள ஒருத்தி பெட்டியே கட்டியிருப்பா."

கோயில் வாசலில் ஒருவரும் அன்று வானத்தைப் பார்க்கவில்லை.