ஊதுபத்தியால் சுட்ட கண்கள்

தட்டிப் போடலாம் என்று என் மகள் நித்யஸ்ரீயின் தலையணையைத் தூக்கினேன். அடியில் ஒரு காகித மனுசி கிடந்தாள். உள்ளங்கை நீளம்தான் இருக்கும். கைகள் இரண்டும் தொங்க, கால்களை அகட்டி, நேராக என்னையே பார்த்து நிற்கிற மாதிரி வெட்டியிருந்தது. மூக்குக்கு முக்கோணமாய் ஒரு ஓட்டை. கண்ணுக்கு இரண்டு ஓட்டைகள், ஓரமெல்லாம் கருகி. முகர்ந்து பார்த்தேன். ஊதுபத்தி வாசனை. இடுப்பில் சிவப்பு ரிப்பன் துண்டு ஒன்று கட்டியிருந்தது. நித்யாவின் ரிப்பன். வீடு முழுக்கத் தேடியும் கிடைக்காத ரிப்பன்.

ஏற்கெனவே நான் பாதி உயிராய்த்தான் இருந்தேன். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் எனக்கு வேலை. போன வாரம் அங்கே புது மெஷின் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பக்கத்தில் போய் நிற்கவும், கம்ப்ரஸர் குழாய் வெடிக்கவும் சரியாக இருந்தது. மேலே ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றைக்கு மூடிய வாயை அவள் திறக்கவேயில்லை. என்ன பேச்சுப் பேசுகிற பிள்ளை! வாயாடி, சித்த சும்மா இரு என்று நானே எத்தனை தடவை திட்டியிருப்பேன்! இப்போது கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டாள். சோறு ஊட்டினால் விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதிர்ச்சிதான், போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். கோயிலில் மந்திரித்துத் திருநீறு போட்டுக் கயிறும் கட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. தனியே விட மனசு வராமல் கம்பெனிக்கே கூட்டிப் போய் ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துக்கொண்டேன். இந்தப் பிள்ளை இனி பேசாமலே போய்விடுமோ என்று ராத்திரியெல்லாம் அவள் வாயையே பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

அப்படி இருக்கிற நேரத்தில் இப்படி ஒன்று தலையணைக்கடியில் கிடந்தால் என்ன நினைப்பேன்? நம் பக்கத்தில் உருவம் வெட்டி, கண்ணைச் சுட்டு, பிள்ளையின் பொருளையும் கட்டி வைக்கிறவர்கள் நல்லதுக்கா வைப்பார்கள்?

"ஏனுங்க! சித்த இங்க வாங்க!"

என் வீட்டுக்காரர் முருகவேலுக்குச் சாயப்பட்டறையில் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து அப்போதுதான் படுத்திருந்தார். எழுந்து வந்து பார்த்தவரின் முகம் வெளுத்துப் போனது.

"ஆரு புள்ள வெச்சது?"

"காயிதத்தப் பாருங்க. எங்க கம்பெனி மார்க்கர் பேப்பருங்க." துணி அடுக்கின் மேல் விரித்து வெட்டுகிற காகிதம். தினமும் புழங்குகிற எனக்கு அது தெரியாதா?

"கையில வெச்சுட்டு நிக்காத. எரிச்சுப்போடு."

வாசல் ஓரம் ஓர் ஓட்டுச்சில்லை வைத்து, கல் உப்பும் வரமிளகாயும் போட்டு, அந்த உருவத்தையும் மேலே வைத்துக் கொளுத்தினேன். இத்தனை மிளகாய் எரிந்தும் நெடியே வரவில்லை. அது கெட்டதுக்கு அடையாளம் என்பார்கள். அப்போது நித்யா உள்ளேயிருந்து ஓடி வந்து தீக்குள் கையை விடப் போனாள். அவர் பாய்ந்து பிடித்து இழுத்தார். பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடினாள். சத்தம் மட்டும் வரவில்லை. அப்புறம் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவளை அவரிடம் விட்டுவிட்டு, வயிறெரிய நான் கம்பெனிக்குக் கிளம்பினேன்.

என்னோடு துணி அடுக்குகிறவள் ராக்கம்மாள், மதுரைப் பக்கத்துக்காரி. சொன்னதும் அவள் மேற்குச் சுவரைக் காட்டினாள். டியூப் லைட்டுக்குக் கீழே அதே மாதிரி ஒரு காகித மனுசி, கை தொங்க, கால் அகட்டி.

"அந்தச் சீனாக்காரி ஒட்டுனது, ஆத்தா. மெஷினு பூட்ட வந்தவளுக்குக் கத்திரிக்கோலோட என்ன வேல? செய்வினதேன், சந்தேகமே வேணாம்."

மெஷினோடு வந்த மெக்கானிக் அவள், பேர் குவான். சீனாவின் வடகிழக்கில் பனி கொட்டுகிற ஊராம், மஞ்சு என்கிற சனமாம். "என்ற கொழுந்தியா பேருங்கூட மஞ்சுதானுங்க" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிச் சிரித்தவள் நான். மத்தியானம் சாப்பிடுமுன் நம்மைப் போலவே மதில்மேல் காக்காய்க்கு ஒரு பிடி சோறு வைப்பாள். அதைப் பார்த்து நல்லவள் என்று நம்பியிருந்தேனே! நேராகப் போய் அவள் சட்டையைப் பிடித்தேன்.

"என்ற புள்ளைக்கு என்னடி வெச்ச?"

அவள் பதறிப்போய்ப் போனை எடுத்து நீட்டினாள். நான் கத்தியதை அது சீனத்தில் சொன்னது. அவள் பேசியதை, செய்தி வாசிக்கிற குரலில் தமிழில் சொன்னது.

"குழந்தை பயந்தால் அதன் உயிர் வெளியே நின்றுவிடும். நிற்பதற்கு ஓர் உடல் வெட்டி வைப்போம். அம்மா பெயர் சொல்லி அழைத்தால் உயிர் அதிலிருந்து குழந்தைக்குத் திரும்பும். காகிதம் இல்லாத காலத்தில் மீன் தோலிலும் மரப்பட்டையிலும் வெட்டினார்கள் எங்கள் மக்கள். ஊதுபத்தியால் கண் திறந்தேன், வழி தெரிவதற்காக. குழந்தையின் ரிப்பனையே கட்டி, தலையணைக்கு அடியில் வைக்கும்படி அவளிடம் கொடுத்தேன். மேற்குச் சுவர் முன்னோர்களின் இடம். அவர்கள் காவல் இருப்பார்கள். உங்களிடம் சொல்லும்படி சூப்பர்வைசரிடம் கூறினேன்."

அந்த ஆள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன் மறுபடி பேசியது. "உருவம் பத்திரமாக இருக்கிறதா?"

தீக்குச்சி கிழிப்பது போல ராக்கம்மாள்தான் கையால் காட்டினாள். குவான் வாயைப் பொத்திக்கொண்டாள். மெதுவாக என்னவோ முனகினாள். அது போனுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்க எனக்குத் தைரியமில்லை. பிறகு அவள் ஒரு துண்டு மார்க்கர் பேப்பரையும் கத்திரிக்கோலையும் என் கையில் திணித்தாள்.

"அம்மா வெட்டலாம்" என்றது போன்.

காலையில் செய்வினைக்குப் பயந்தேன். அந்தப் பயமே தேவலாம் என்றாகிவிட்டது. நான் கொளுத்தும்போது அதில் என் பிள்ளை நின்றுகொண்டிருந்தாளா? அதனால்தான் தீக்குள் கையை விட்டாளா? இதெல்லாம் வெறும் காகிதம் என்று ஒரு மனசு சொன்னது. காலையில் அதே மனசுதானே எரி எரி என்றது! மலைமலையாய்த் துணி வெட்டுகிற கைக்கு ஒரு சாண் காகிதம் வளையவில்லை. ஒரு கால் குட்டையாகிப் போனது.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தேன். நித்யா படுத்த இடத்திலேயே இருந்தாள். "ஒரு வாய் தண்ணி குடிக்கல புள்ள" என்றார் அவர். ஊதுபத்தி கொளுத்திக் கண்களைத் திறந்தேன். எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் முருகன் படம் இருக்கிறது. "கோவிச்சுக்காத சாமி, ஒரு ஓரமா நிக்கட்டும்" என்று பக்கத்தில் ஒட்டினேன். நடையில் நின்றுகொண்டு கூப்பிட்டேன்.

"நித்யா... ஊட்டுக்கு வா கண்ணு."

அவள் தலையைத் தூக்கினாள். எழுந்து வந்து சுவரிலிருந்த காகிதத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அதைவிட்டு, என்னையும் தாண்டி வாசலுக்கு இறங்கினாள். காலையில் எரித்த ஓட்டுச்சில் அங்கேயே கிடந்தது. காற்றில் சாம்பல் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பறந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, காற்றுப் படாமல் இரண்டு கையாலும் பொத்தினாள். குனிந்து உதட்டை அசைத்தாள், யாரையோ கூப்பிடுகிற மாதிரி. சத்தம் வரவில்லை.

"கூப்புடு புள்ள" என்றார் அவர் பின்னாலிருந்து. வாயெடுத்தேன். எந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவளுடைய சின்ன விரல்களின் இடுக்கில் சாம்பல் கசிந்து, வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.