சார்டின் படையல்

தமக்கு முன்னோர்கள் இருந்தார்கள் என்பது பரஞ்சோதிக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிய வந்தது. அதுவரை சுங்கைப் பட்டாணியில் ஒரு வங்கியில் டை கட்டி உட்கார்ந்து, மதியத்துக்குப் பொரித்த கோழியும் மாலைக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரிக்குமாக நன்றாகத்தான் இருந்தார். ஓய்வு பெற்ற சூட்டோடு வேட்டிக்கு மாறி, நெற்றியில் பட்டை தீட்டி, அந்த வட்டாரத்தின் பழைய பெயரில் 'கடார உணவு மரபுக் கழகம்' என்று ஒன்றைத் தொடங்கினார். அதற்குத் தலைவராக அருளம்பலம் என்ற முன்னாள் அரசாங்க அதிகாரியைப் பிடித்துப் போட்டார். அருளம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர், கேட்டாலொழிய வாய் திறக்கமாட்டார். ஆகவே பேச்சு முழுவதும் செயலாளர் பரஞ்சோதிக்கே கிடைத்தது.

அதுவும் சாதாரணப் பேச்சா? சோழர் படை கடாரத்தைப் பிடித்ததே கம்பங்கூழின் பலத்தில்தான் என்பார். அத்தனை நாள் கப்பலில் கூழ் என்ன கதியாகியிருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. ரசத்தில் மிதக்கிற மிளகை வெள்ளைக்காரன் இப்போதுதான் ஆய்வுக்கூடத்தில் வைத்து முழிக்கிறான், நம் ஆள் அதை என்றைக்கோ கரைத்துக் குடித்து ஏப்பம் விட்டான் என்பார். வாழை இலையில் ஓர் அமிலம் இருக்கிறது என்பார். அந்த அமிலத்தின் பெயர் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். மண்டபத்தில் எல்லாரும் கை தட்டுவார்கள். தட்டிய கையோடு எதிர்க் கடைக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிடுவார்கள்.

காஞ்சனாவுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் பரஞ்சோதியின் தம்பி தேவனின் மனைவி. கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. அவள், தேவன், மூத்தார் பரஞ்சோதி மூன்று பேரும் கரங்கான் ஊரை ஒட்டிய ஒரே தோட்டத்தில், கூலிக்காரர்களின் லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். அந்தத் தோட்டத்தில் கம்பும் விளையவில்லை, வரகும் விளையவில்லை. முதலில் பால் வடிக்கும் கித்தா மரம், பிறகு எண்ணெய்க்குச் செம்பனை, அவ்வளவுதான். தோட்டத்துக் கடையில் போட்ட அரிசி, கருவாடு, கொல்லையில் பிடுங்கிய மரவள்ளிக்கிழங்கு, இதுதான் சாப்பாடு. சம்பளம் போட்ட அன்றைக்கு மட்டும் சார்டின் டின் வரும். தக்காளிச் சாற்றில் ஊறிக் கிடக்கும் மீனை வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் புரட்டி எடுத்தால் லயம் முழுக்க மணக்கும். பரஞ்சோதி படித்து முன்னுக்கு வந்ததே அந்த மணத்தில்தான். இப்போது அவர் மேடையேறி முன்னோர் தினையும் தேனும் உண்டார்கள் என்று சொல்லும்போது, எந்த முன்னோர், எந்த லயத்தில் என்று கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுக்கும். மூத்தார் ஆயிற்றே என்று விழுங்கிக்கொள்வாள். விழுங்கியது பெரிய தப்பாகப் போயிற்று.

தேவன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன். சர்க்கரை வியாதி முற்றிச் சிறுநீரகத்தில் வந்து நின்றது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அதில் நியாயம் இருந்தது, காஞ்சனாவும் குறைத்தாள். பரஞ்சோதி டாக்டருக்கும் மேலே போனார். பினாங்கிலிருந்து கம்பு, சாமை, வரகு என்று பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்து இறக்கி, தம்பியை முன்னோர் உணவால் எழுப்பிக் காட்டப்போவதாக முகநூலில் சவால் விட்டார். நூற்றுக்கணக்கானவர்கள் கும்பிடு போட்டார்கள். தேவன்தான் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வார்டில் ஊசி போட வரும் மிஸ்ஸி நல்ல மலாய்க்காரப் பெண். காஞ்சனாவைத் தனியாகக் கூப்பிட்டு, இனிப் பத்தியம் எதற்கு, ஆசைப்பட்டதை ஒரு வாய் கொடுங்கள் என்று தணிந்த குரலில் சொன்னாள். தேவன் ஆசைப்பட்டது சார்டின். ரொட்டியில் வைத்து ஒரு வாய். காஞ்சனா வீட்டுக்கு ஓடிப்போய்ச் சமைத்து, சூடு ஆறாமல் கொண்டுவந்தாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரஞ்சோதி டப்பாவை வாங்கித் திறந்து முகர்ந்தார். டின்னில் அடைத்த விஷம் என்றார். வராந்தாவுக்குக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்து, தம்பிக்குக் கம்பங்கூழை ஊட்டப் பார்த்தார். தேவன் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே போய்விட்டான்.

கருமாதிப் படையலிலும் அண்ணன் சொன்னதுதான் சட்டம். ஆகவே இந்த ஒரு வருஷமாகக் காஞ்சனாவின் மனதில் வேறு எதுவும் இல்லை. வருஷப் படையலிலாவது அவன் கேட்ட அந்த ஒரு வாயை அவன் படத்துக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். அதையும் வைக்காவிட்டால் அவன் பசியோடு போனவன் போனவனாகவே இருப்பான் என்று அவள் நம்பினாள். செத்தவருக்குப் பிடித்ததை வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். பீர் குடித்தவருக்கு பீர், சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு. பாக்கார் ஆராங்கில் இருந்த அவள் வீட்டுக்கு அடுத்த வரிசையில் ஒரு வீட்டில் டுரியானைப் பிளந்து வைத்து, தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

குறை சொல்லப் பரஞ்சோதி ஒருவர் இருந்தார். வருஷப் படையலைக் கழகத்தின் நிகழ்ச்சியாகவே ஆக்கிவிட்டார். முழுக்கச் சிறுதானியம், முழுக்கச் சைவம், முகநூலில் நேரலை வேறு. தலைப்பு, 'படையலின் அறிவியல்'. காஞ்சனா போனில் அழைத்துச் சார்டினைச் சொன்னபோது அந்தப் பக்கம் நெடுநேரம் உபதேசம் நடந்தது. உப்பு, ரசாயனம், தகரம், வெள்ளைக்காரனின் சூழ்ச்சி எல்லாம் வந்து போயின. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள்.

"ஒரு கிண்ணம்தான் அத்தான். அவரு கேட்டது."

கடைசியில் பெரிய மனது பண்ணினார். மூலையில் வைத்துக்கொள்ளலாம், கேமராவில் விழக்கூடாது, மூடி போட்டிருக்க வேண்டும். தன் வீட்டில், தன் புருஷனுக்கு, தான் சமைத்ததை ஒளித்து வைக்க அனுமதி வாங்கியதை நினைத்து அவளுக்கு அன்று தூக்கம் வரவில்லை.

படையலன்று காலையிலேயே பரஞ்சோதி தன் காடியை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கூடவே மனைவி ரமணி, ஒரு பெரிய பேனர், போனை நிறுத்த முக்காலி, பின்னால் அருளம்பலமும் கழகத்து ஆட்களும். பேனரில் பரஞ்சோதியின் படம் தேவனின் படத்தைவிடப் பெரியதாக இருந்தது. காஞ்சனா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். படையல் சமையலுக்கு உப்புப் பார்க்கக்கூடாது, நாக்கில் பட்டால் எச்சில். கைக் கணக்கில் உப்பைப் போட்டு, வெங்காயம் சுருண்டு எண்ணெய் பிரிந்ததும் இறக்கினாள். வாசம் கூடம்வரை போயிற்று. கூடத்தில் பேச்சு ஒரு நிமிஷம் நின்றது.

நின்ற பேச்சைப் பரஞ்சோதிதான் மறுபடி எடுத்தார். நேரலை தொடங்கிவிட்டது. அன்றைக்குப் பார்த்து எச்சிலைத்தான் எடுத்துக்கொண்டார். படையலுக்கு முன் நம் பெண்கள் ஏன் ருசி பார்ப்பதில்லை தெரியுமா என்று போனைப் பார்த்துக் கேட்டு, எச்சிலில் உள்ள நுண்ணுயிர், அது உணவில் செய்கிற வேலை, அதை நுண்ணோக்கி இல்லாமலே கண்டுபிடித்த தமிழன் என்று விளாசித் தள்ளினார். ஒரு பருக்கை எச்சில் பட்டாலும் மொத்தப் படையலும் வீண், ஆத்மா திரும்பிப் போய்விடும் என்று முடித்தார். அப்புறம் தீர்த்தம் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காஞ்சனா அப்போது குளித்துச் சேலை மாற்றிக்கொண்டிருந்தாள். ஈரத் தலையை முடிந்துகொண்டு, கிண்ணத்தை எடுக்கக் குசினிக்கு வந்தவள் வாசலிலேயே நின்றாள். பரஞ்சோதி அடுப்புப் பக்கம் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார். கையில் மடித்த ரொட்டித் துண்டு. அதைச் சட்டியில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வழித்து வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். பிறகு விரலைச் சப்பினார். திரும்பியபோது வெள்ளை மீசையில் சிவப்பு எண்ணெய் இருந்தது.

"உப்புப் பாத்தேம்மா," என்றார்.

காஞ்சனா சட்டியை எட்டிப் பார்த்தாள். பாதிக்கு மேல் காணோம். அதற்குள் அவர் சுதாரித்துக்கொண்டார். வாயைத் துடைத்தார், குரலைத் தாழ்த்தினார்.

"யாருக்கும் தெரியாது லா. மிச்சத்தக் கிண்ணத்துல போட்டு வெச்சிரு. நல்ல நேரம் போவுது."

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இவ்வளவு காலம் இந்த மனிதருக்கா பயந்தோம் என்ற சிரிப்பு. உடனே உடம்பெல்லாம் எரிந்தது. தின்றதைக்கூட மன்னித்துவிடலாம், லயத்துப் பிள்ளை, வாசம் இழுத்திருக்கும். தின்ற மிச்சத்தைத் தம்பிக்குப் போடு என்று சொல்ல ஒரு மனிதனுக்கு எப்படி வாய் வரும்?

"அன்னிக்கு அவரு கேட்டதக் குப்பையில கொட்டுனீங்க. இன்னிக்கு அவருக்கு வெச்சதத் தின்னுட்டீங்க," என்றாள். "அவருக்கு எச்சில் போடச் சொல்றீங்களா, அத்தான்?"

கேட்ட கையோடு அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். போன் முக்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. படையல் கொஞ்சம் தாமதமாகும், மூத்தார் சார்டினைச் சாப்பிட்டுவிட்டார், எச்சிலானதை வைக்க முடியாது, புதிதாகச் சமைக்க வேண்டும் என்று, தொழிற்சாலையில் மிஷின் நின்றுபோனதை அறிவிக்கிற குரலில் சொன்னாள். பின்னாலேயே ஓடிவந்த பரஞ்சோதி போனை அணைக்கப் பார்த்தார். விரலெல்லாம் எண்ணெய். திரை வழுக்கியதே தவிர அணையவில்லை.

அருளம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பசி வந்தா மனுசன் சாப்பிடத்தான் வேணும்," என்றார். "ஆனா செத்த தம்பியின்ர பங்கையோ?"

டின் உணவின் தீமையைக் கழகத்துக்காகத் தாமே நேரில் சோதித்துப் பார்த்ததாகப் பரஞ்சோதி ஏதோ ஆரம்பித்தார். ஆராய்ச்சி என்ற சொல்கூட வந்தது. அதுவரை ஒரு மூலையில் வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ரமணி எழுந்தாள். புருஷனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"காடிச் சாவியக் குடுங்க, நான் போயி வாங்கியாறேன்," என்றாள். "எந்த டின்னுன்னு எனக்குத் தெரியும். வீட்டுல அரிசி வாளிக்குப் பின்னால அதத்தான ஒளிச்சு வெச்சிருக்கீங்க."

கழகத்து ஆட்களில் ஒருவர் இருமினார். அது இருமல் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

ரமணி டின்னோடு திரும்பி வந்தபோது நல்ல நேரம் கழிந்துவிட்டிருந்தது. கழியட்டும் என்றாள் காஞ்சனா. வேறு சட்டி எடுத்தாள். ரமணி வெங்காயம் நறுக்கினாள். வெளியே பரஞ்சோதி வாசல் கேட் பக்கம் நின்று யாருக்கோ போனில் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். முன்னோர் என்ற சொல் அடிக்கடி காதில் விழுந்தது.

சமைத்து முடித்ததும் காஞ்சனா கூடத்துக்கு வந்து பேனரை அவிழ்த்துச் சுருட்டி ஓரமாகப் போட்டாள். இலையின் நடுவில் பரப்பியிருந்த வரகையும் சாமையையும் பக்கத்துக்குத் தள்ளினாள். சார்டினை நட்டநடுவில் வைத்தாள். மூடி போடவில்லை. பக்கத்தில் ரொட்டியை வைத்துச் சூடம் காட்டி, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். செத்தவர் வந்து சாப்பிடும்போது உயிரோடு இருப்பவர் யாரும் உள்ளே இருக்கக்கூடாது. சாத்துவதற்கு முன், போனோடு முக்காலியாவது உள்ளே இருக்கட்டுமே என்று பரஞ்சோதி கேட்டிருந்தார். அதையும் தூக்கி வெளியே வைத்திருந்தாள்.

வெயிலில் நின்று வேர்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளாமல் அழுதாள். அவளுக்கு யாருடைய ஆறுதலும் வேண்டியிருக்கவில்லை, யாரும் கிட்ட வரவும் இல்லை. போதுமான நேரம் ஆனதும் கதவைத் தட்டிவிட்டுத் திறந்து, உள்ளே போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிய்த்து, அதில் கொஞ்சம் சார்டினை வைத்து, அவன் சாப்பிட்டதில் தன் பங்கை வாயில் போட்டாள்.

உப்பு கரித்தது. கோபத்தில் கை கொஞ்சம் தாராளமாகத்தான் போட்டிருக்கிறது. அவள் நிமிர்ந்து படத்திலிருந்த தேவனைப் பார்த்தாள். உப்பு ஆகாது என்று சொல்ல இனி எந்த டாக்டராலும் முடியாது, எந்த அண்ணனாலும் முடியாது. அவள் இன்னொரு துண்டு ரொட்டியைப் பிய்த்தாள்.