ஆமை முதுகில் எழுதியது

வெந்நீர் அடுப்புக்கு விறகு எடுக்கப் போன பாகீரதிதான் அவற்றைப் பார்த்தாள். கொட்டகை மூலையில், கோணிக்கு அடியில், மகன் வளர்த்த இரண்டு ஆமைகள். பெரியதும் சின்னதுமாக இரண்டும் உயிரோடிருந்தன, அவ்வளவுதான் சொல்லலாம். கண்கள் பீளை கட்டி ஒட்டியிருந்தன. சின்னதின் ஓடு விரல் பட்டால் நமுத்த அப்பளம் போல அமுங்கியது. வேலைக்காரி எப்போதாவது கொட்டிய மீந்த சோற்றில் காலம் தள்ளியிருக்கின்றன. ஸ்ரீகண்டன் போய் எட்டு மாதம். ஞாபகம் வந்திருக்க வேண்டியவள் அவள்தான்.

அந்த மல்லேஸ்வரத்து வீட்டில் ஆமைக்கு முதலிலிருந்தே வரவேற்பு கிடையாது. அட்டாரா கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீசில் சூப்பரிண்டெண்டெண்டாக இருந்த அவள் கணவர் சுந்தரேசன், ஆமை குடும்பத்துக்கு ஆகாது என்று ஒற்றைக் காலில் நின்றவர். தன் கண்ணில் படக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் கொல்லையில் இடம் கொடுத்தார். பையனுக்கு அப்பா என்றால் குலைநடுக்கம். எது வேண்டுமென்றாலும் மனு அம்மா மூலமாகத்தான் போகும். பத்து வயதில் டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் அவன் கண்ணை மூடிய பிறகு, துக்கம் கேட்க வந்த உறவுக்காரர்கள் பழியை ஆமை மேல் போட்டுவிட்டுக் காபி குடித்துப் போனார்கள்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாளே சுந்தரேசன் பையனின் நோட்டுகளைக் கட்டிப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டார். பார்த்துப் பார்த்து அழுவாளே என்ற நல்லெண்ணம். இந்த நல்லெண்ணக்காரர்களிடம் சண்டை கூடப் போட முடியாது. அன்றிலிருந்து சாப்பாட்டுக்கும் காபிக்கும் தவிர பாகீரதி அவரிடம் வாய் திறப்பதில்லை.

ஆக, ஸ்ரீகண்டனின் கையெழுத்தென்று உலகத்தில் மிஞ்சியது அந்த ஆமைகளின் முதுகில் இருந்ததுதான். லீவில் இரண்டுக்கும் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தான். ஜுரம் கண்ட மூன்றாம் நாள், படுக்கையிலிருந்து நைஸாக நழுவிப் போய், கேட்டுக்கு அடித்து மீந்த பச்சையில் ஆளுக்கு நாலு எழுத்து, ஓட்டின் மேட்டுக்கு ஒன்றாக எழுதிவிட்டு வந்தான். விரலெல்லாம் பச்சை. அதற்கும் அவள் திட்டினாள்.

எழுதியது கன்னடத்தில். பள்ளிக்கூடத்தில் அவன் படித்தது அதுதான். மாயவரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த பாகீரதிக்குக் காய்காரியிடம் பேரம் பேசுமளவுக்குக் கன்னடம் வரும், படிக்க வராது. எல்லா எழுத்தும் அவள் கண்ணுக்கு ஜிலேபிதான். நோட்டு அட்டையில் எழுதுவது போலப் பெரியதில் பெயர், சின்னதில் கிளாஸ் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

வீட்டுப் பசுவுக்கு ஊசி போட மாட்டாஸ்பத்திரி அட்டெண்டர் முனியப்பன் வந்தான். மர்பி டவுன்காரன், ஒரு துரை பங்களாவில் ஆமை வளர்த்த அனுபவம் உள்ளவன். அவனிடம் காட்டினாள்.

"வெயிலே படாம கெடந்திருக்குதும்மா. தெனம் காலையில வெதுவெதுன்னு தண்ணியில ஒக்கார வையிங்க, கண்ணு தானா தொறக்கும். சோறு போடாதீங்க. கீரை போடுங்க."

பசுவுக்கு வாங்கிய அகத்தியில் ஆமைக்கும் பங்கு வந்தது. ஓடு கெட்டிப்பட முனியப்பன் ஏதோ வெள்ளைப் பொடியைப் பொட்டலம் கட்டி வந்து கீரையில் தூவச் சொன்னான். முட்டை ஓடு என்று அவளுக்குத் தெரியும். ஆசாரமான வீடு, அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் பெரியது கண்ணைத் திறந்து செம்பருத்திப் பூவைக் கடித்தபோது, பாகீரதி தோய்க்கிற கல்லில் உட்கார்ந்து அழுதாள்.

ஒரு மாதத்தில் இரண்டும் நடமாடத் தொடங்கின. முனியப்பன் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"எல்லாம் சரிம்மா, இந்தப் பெயிண்டுதான் ஆவாது. வெயிலு உள்ள எறங்காது. வளர வளர ஓடு கோணிக்கும். சொரண்டி எடுத்துடணும்."

"எழுத்தை மட்டும் விட்டுடலாமா, முனியப்பா?"

"எழுத்துக்குக் கீழயும் ஓடு வளரணுமேம்மா."

மூன்று நாள் தூங்காமல் யோசித்தாள். கிளாஸ் போனால் போகிறது, பெயர் கடைசி வரை இருக்கட்டும் என்று சின்னதில் ஆரம்பித்தாள். ஊற வைத்து, மூங்கில் சிம்பால் கொஞ்சம் கொஞ்சமாக நாலு நாள் சுரண்டினாள். அடியில் மஞ்சள் கோடுகள் வந்தன. ஆமைக்கு அது நல்லதுதான். அவளுக்கு, பிள்ளையை இரண்டாம் தடவை வழியனுப்புகிற மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரியதின் முறை. அவள் கூடத்துக்குப் போனாள்.

"ஏன்னா, கொஞ்சம் கொல்லைப்பக்கம் வரேளா."

ஒன்பது மாதத்தில் அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சுந்தரேசன் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"அவன் பேரை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கோ. அப்புறம் சுரண்டிடறேன்."

அவர் குந்தி உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இது பேர் இல்லை, பாகீ."

"பின்னே?"

"'அப்பா, தினா'ன்னு எழுதியிருக்கான்."

"தினான்னா தினமும். என்ன தினமும்?"

"இதுல அவ்வளவுதான். பாக்கி சின்னதுல இருக்கும்."

சின்னது பளிச்சென்ற ஓட்டோடு வெயிலில் உட்கார்ந்திருந்தது. ஜுரத்தில் கிடந்தவன் "அம்மா, ஆமைக்கு" என்று ஆரம்பித்தபோது, முதல்ல நீ எழுந்திரு என்று வாயை அடைத்தவள் பாகீரதிதான். அதனால்தான் மனு நேரே அப்பாவுக்குப் போயிருக்கிறது. அவர் கண்ணிலோ படவே இல்லை.

"கிளாஸ்னு நினைச்சேன்" என்றாள். சின்னதில் இருந்த நாலு எழுத்தையும் ஞாபகப்படுத்திக்கொண்டு மண்ணில் விரலால் போட்டுக் காட்டினாள். அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இப்படி எழுத்தே கிடையாதேம்மா" என்றபோது அவர் குரல் உடைந்துவிட்டது. அவர் மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை.

பெரியதை அவள் சுரண்டவில்லை. சிம்பை வாங்கிக்கொண்டு அவரே சுரண்டினார்.

மறுநாள் முதல், கச்சேரிக்குக் கிளம்புமுன் சுந்தரேசன் கொல்லையில் இருந்தார். இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்தார், துடைத்து வெயிலில் விட்டார், கீரை ஆய்ந்து போட்டார், தண்ணீர் மாற்றினார், கோணியை உதறினார், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். பையன் கேட்டது இதில் எது என்று தெரியாததால் ஒன்றையும் விடவில்லை.

"வேற ஏதாவது இருக்குமோ, பாகீ?" என்று தினமும் கேட்பார்.

"இருக்காதுன்னா" என்பாள் அவள். அவளுக்கும் தெரியாது.