மைக்கின் முன் அயூப் பாய்

பேசியது குற்றமில்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசாங்கத்தைக் கண்டித்துப் பேசினால் நாட்டின் பாதுகாப்புக்கு ஒன்றும் ஆகிவிடாதாம். இதைச் சொல்ல ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை செம்பாக்கம் அயூப் பாய் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே கிடந்தார். தாம்பரத்தில் ஒரு தெருமுனைக் கூட்டத்தில் அதே சட்டத்தை எதிர்த்துப் பேசினார், அவ்வளவுதான். நினைத்தால் வயிறு எரிகிறது.

அவர் மகள் கைனாத் பிடிவாதக்காரி. "அத்தா வந்து அவங்க வாயால சொல்லி என்னைக் கொடுத்தாத்தான் நிக்காஹ்" என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். மாப்பிள்ளை வாஜித் வீட்டாரும் முகம் சுளிக்காமல் காத்திருந்தார்கள்.

தீர்ப்பு வந்து அவர் வெளியே வந்ததுமே மண்டபம் பிடித்தாயிற்று. மைக் செட் தயாளன் அவருடைய பழைய சிநேகிதர். அந்தத் தாம்பரம் கூட்டத்துக்கும் அவர்தான் மைக் கட்டினார். இருப்பதிலேயே நல்ல மைக்கைக் கொண்டுவந்து மேடையில் வைத்தார்.

"பாய் கொரலு கேட்டு எவ்ளோ நாளாச்சி. லேடீஸ் பக்கமும் ஒரு ஸ்பீக்கர் வெச்சிக்கிறேன்" என்றார். அன்பாகச் செய்ததுதான். அங்கேதான் எல்லாம் கெட்டது.

நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத், மாப்பிள்ளையின் கையை எடுத்து அயூப்பின் கையில் வைத்தார். 'என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்' என்று அயூப் சொல்ல வேண்டும். தயாளன் மைக்கை அவர் வாயருகே நகர்த்தினார். வீடியோக்காரர் விளக்கைப் போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றார். அன்றைய கூட்டத்திலும் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் இப்படித்தான் நின்று படம் பிடித்தார். அயூப்புக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"இது யாருக்குப் போவுது?" என்று தயாளனிடம் மெதுவாகக் கேட்டார்.

"நம்ம கல்யாண வீடியோ பாய். நீ பேசு."

வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

"சாட்சிங்க காதுல விழணும் பாய்" என்றார் ஹஜ்ரத், பொறுமையாகத்தான்.

கடைசியில் அயூப் தன் மச்சான் ஜாகிரின் தோளைத் தொட்டு, தனக்குப் பதிலாகச் சொல்லும்படி காதோடு கேட்டுக்கொண்டார். தகப்பன் அப்படி இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுக்கலாம். நிக்காஹ் செல்லும்.

பெண்கள் பக்கத்து ஸ்பீக்கரில் ஜாகிரின் குரல் கேட்டதும் கைனாத் தாயைப் பார்த்தாள். குல்ஷன் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாண சி.டி. வந்த அன்று, மேடவாக்கத்துப் புகுந்த வீட்டில் கைனாத் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஜாகிர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் அத்தாவின் உதடுகளும் அசைந்தன. டி.வி.யின் சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். ஜாகிர் மாமாவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.