அப்பத்தின் அடியில் இரண்டாவது வரி

1

என் நாவலின் விற்காத பிரதிகளைக் கூழாக்கப் போவதாகப் பதிப்பகம் கடிதம் எழுதிய அன்று, கோபத்தில் தொடங்கிய கதை இது. இருபத்தாறு வருடமாக லண்டனில் குப்பை கொட்டுகிறேன். ஒரு புத்தகம் இங்கே எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரியாதா? முந்நூறு வருடத்துக்கு முன்பு இதைவிட மோசம். விற்காத தாள்களை அப்பக்கடைக்குப் போட்டுவிடுவார்கள். கடைக்காரர்கள் அதைத் தட்டில் விரித்து, மேலே கறி அடைத்த மாவை வைத்துச் சுடுவார்கள்.

முதல் வரி இப்படி இருந்தது: "1723ஆம் ஆண்டு மாலை ஒன்றில், கிரப் தெருவை மூடுபனி மெல்ல..."

(அடித்தாயிற்று. லண்டன் என்றதும் மூடுபனி போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.)

2

டமாரிஸ் பெல்லிங், கூலிக்கு எழுதுகிறவர்கள் நிறைந்த லண்டன் கிரப் தெருவில் ஒரு மாடியறையில் குடியிருந்த கைம்பெண். பிரசங்கமோ இரங்கற்பாவோ காதல் கடிதமோ, யார் எதைக் கேட்டாலும் எழுதித் தருவாள். ஒரே ஒருமுறை தனக்காக எழுதினாள். ஒரு மந்திரியின் பொய்முடிக்குள் பேன்கள் கூடி நாடாளுமன்றம் நடத்துவதாக நாற்பது வரி. பெயர் போடாமல் ஐந்நூறு தாள் அச்சானது. விற்றது நான்கு. மிச்சத்தை அச்சுக்காரர், கீழ்த்தளத்தில் அப்பக்கடை வைத்திருந்த டாபிதாவின் தலையில் கட்டிவிட்டார்.

"என் கவிதைய அடுப்புல வெச்சுட்டியேடி, பாவி!"

"எனக்கென்ன படிக்கவா தெரியும்? தாள் நல்ல கெட்டித் தாள், மாவு ஒட்டவே இல்ல. அதுக்குச் சந்தோஷப்படுவியா, அழுவியா?"

இரண்டு நாள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

3

மூன்றாம் நாள் காலை டமாரிஸின் அறையைச் சோதனை போட ஸ்னெல் வந்தார். அரசைக் கேலி செய்து அச்சாகும் தாள்களைத் தேடி, எழுதியவரைப் பிடிப்பது அவர் உத்தியோகம். பிடிபட்டால் கழுத்தையும் கைகளையும் பலகையில் பூட்டிச் சந்தையில் நிறுத்துவார்கள். போன வருடம் அப்படி நின்ற ஒருவருக்குக் கல்லடியில் ஒரு கண் போனது.

(ஸ்னெல்லை முதலில் கொடியவராகத்தான் எழுதினேன். மூக்கில் ஒரு மருகூட வைத்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. மருவை எடுத்துவிட்டு, பதினெட்டு வருடம் அச்சுக்கோத்த அனுபவத்தைக் கொடுத்தேன்.*)

பெட்டியைக் கவிழ்த்தார், மெத்தையைக் கிழித்தார். ஒரு தாள்கூட இல்லை. விற்காத எழுத்தாளராக இருப்பதில் டமாரிஸுக்கு முதல்முறையாக நிம்மதி வந்தது. டாபிதாவின் காலில் விழலாம் போலிருந்தது.

அந்த டாபிதாவே அப்போது, அதிகாரியைக் குளிர்விக்க, சுடச்சுட அப்பத் தட்டோடு படியேறி வந்தாள்.

"அலைஞ்சு களைச்சுப் போயிட்டீங்க, ஐயா. ஒண்ணு சாப்பிடுங்க."

ஸ்னெல் ஒன்றை எடுத்துப் புரட்டினார். தாளை உரித்தாயிற்று, மை மட்டும் அடியில் ஒட்டியிருந்தது. இடவலம் மாறிப்போன எழுத்தில், கவிதையின் முதல் இரண்டு வரிகள்.

"அது சும்மா கறை, ஐயா," என்றாள் டாபிதா. "அத யாரால படிக்க முடியும்?"

* அச்சு எழுத்துகளை இடவலம் மாற்றித்தான் கோப்பார்கள். கோத்துப் பழகியவர்கள் அப்படியே படித்தும் விடுவார்கள்.

4

முதல் முடிவு: கைது செய்கிறார். (எழுதினேன். சாப்பாடு இறங்கவில்லை. கிழித்துவிட்டேன்.)

இரண்டாம் முடிவு: பார்க்காமலே தின்றுவிடுகி... (சோம்பேறித்தனம்.)

மூன்றாவது. ஸ்னெல் நிதானமாகப் பார்த்தார். உதட்டோரம் லேசாகத் துடித்தது. பிறகு அந்த அப்பத்தைத் துணுக்கு மிச்சமில்லாமல் தின்று, விரலை நக்கிக்கொண்டு, தொப்பியை எடுத்தார். கதவருகில் திரும்பினார்.

"அப்பம் பிரமாதம். ரெண்டாவது வரிதான் கொஞ்சம் நொண்டுதும்மா. யார் எழுதினாங்களோ, பாவம்."

சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினார். டமாரிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்கும்தான், பதிப்பகத்தின் மீதிருந்த கோபம்கூட அந்த நிமிடம் ஆறிப்போனது.

ஆனால் நொண்டுகிறதா? இரண்டாவது வரியா? பதினோரு முறை மாற்றி எழுதிய வரி அது. டமாரிஸ் படியைப் பார்த்துத் திரும்பினாள். வாயைத் திறந்தாள்.

எழுத்தாளர்களை எனக்குத் தெரியும். தட்டிலிருந்த அப்பத்தில் ஒன்றை எடுத்து அந்த வாயில் நானே திணித்துவிட்டேன். நல்ல பெரிய அப்பம். அதை அவள் மென்று விழுங்குவதற்குள் ஸ்னெல் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அந்த மாடிக்கு எத்தனை படிகள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. நீங்களே கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்.