சந்திரமதி வீட்டு முன்னால் ஒரு வரிசை

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து ஆறு வாரம்கூட ஆகாத ஒரு திங்கட்கிழமை காலை, மலாக்காவின் காஜா பெராங்கில், செட்டி ஆட்கள் குடியிருக்கும் கம்போங் செட்டிக்குப் போகிற சந்தில், கலியாணசுந்தரம் பிள்ளை வீட்டு வேலியோரம் நான் நின்றேன். அவர் மகள் சந்திரமதியைப் பார்க்கத்தான் நின்றேன். வெள்ளிக்கிழமை மூவாரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று கேள்வி. அதற்குள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

என் அம்மாவுக்குப் பிள்ளை வீட்டாரைப் போன்ற செட்டி ஆட்கள் ஆகாது. "நம்ம சாமியைத்தான் கும்பிடுறாங்க. ஆனா மலாயில கும்பிடுறாங்கடா. சாமிக்கு என்ன புரியும்?" என்பாள். அவர்களோ மலாக்காவுக்கு வந்து ஐந்நூறு வருஷம் ஆனவர்கள். எங்களைப் போன்ற தோட்டத்து ஆட்களை நேற்று கப்பலில் இறங்கியவர்கள் என்பார்கள். இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. அபிப்பிராயம் மட்டும் கெட்டியாக இருந்தது.

மளிகைக்கடை ஹனீபா நானா சைக்கிளில் வந்தவர் என்னைக் கண்டு இறங்கினார்.

"என்ன மருதமுத்து, இங்க என்ன குடுக்குறாங்க?"

"ஒண்ணும் குடுக்கல நானா. சும்மா நிக்கிறேன்."

"சும்மா எவன்டா வெயில்ல நிப்பான்?" சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு என் பின்னால் நின்றுகொண்டார். "குடியுரிமைக்கு எழுதிக் குடுக்குற பாரம்தானே? எனக்குத் தெரியும்டா. செட்டி ஆளுங்க மலாய்க்காரனுக்கும் வேண்டியவங்க, வெள்ளைக்காரனுக்கும் வேண்டியவங்க. மொதல்ல இவங்க வீட்டுக்குத்தான் வரும்."

மத்தியானத்துக்குள் நாற்பது பேர். செவ்வாய்க்கிழமை வரிசையின் வால் ஊரின் மறுகோடியில், செமாபோக்கில் இருந்தது. வாலில் நின்ற ஒருவருக்கு இதற்கிடையில் பேரன் பிறந்தான். அவனுக்கும் ஓர் இடம் பிடித்துவைத்தார். கூட்டத்தைக் கலைக்க வந்த போலீஸ்காரர் எட்டு நிமிடம் யோசித்துவிட்டுத் தாமும் வரிசையில் சேர்ந்தார்.

இங்கே ஒன்றும் இல்லை என்று நான் சத்தியம் செய்தேன். "பாத்தியா, தான் மட்டும் வாங்கிக்கப் பாக்குறான்" என்றார்கள். யாராவது முறைத்தால் "நீங்க முன்னால போங்கண்ணே" என்று விட்டுவிடுவேன். முன்னால் போய்விட்டால் அவளிடம் பேச வேண்டுமே!

புதன்கிழமை வரை பிள்ளை எங்களைக் கத்தி விரட்டினார். அப்புறம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பேர் நிற்கிறார்கள் என்றால் எதுவோ இருக்கத்தான் வேண்டும். சர்க்கார் தன்னிடம் சொல்ல மறந்திருக்கும். வாசலில் மேசை போட்டு, கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் மகளை உட்காரவைத்தார். என்ன கேட்பது என்று அவளுக்கும் தெரியவில்லை. பெயர், பிறந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா என்று மலாயில் கேட்டு ஒரு நோட்டில் எழுதினாள். வியாழக்கிழமைக்குள், நான் பாரம் வாங்கத்தான் வந்தேனோ என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

அன்று சாயங்காலம், "இனிமே எவனுக்காச்சும் வழி விட்டே, உதைப்பேன்" என்று ஹனீபா நானா என்னைத் தள்ளினார். எனக்கு முன்னால் ஆறு பேர்தான்.

"சுடா காவின்?" கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள்.

"சுடா," ஆகிவிட்டது என்றார் நடராஜன். அவருக்கு ஏழு பிள்ளை, நியாயம். ஷரீஃபுதீனும் "சுடா." அடுத்தவன் சுப்பையன். அவனுக்குப் பெண் தேடி தரகர்கள் இரண்டு பேர் ஊரைவிட்டே போயிருக்கிறார்கள். அவன் முன்னால் போனவர்களைப் பார்த்தான், "சுடா" என்றான். அப்புறம் மூன்று பேரும் அதே. என் முறை வந்தது. ஆகவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சுடா."

பேனா கொஞ்சம் நின்றது. அவள் முகம் வாடியது போல் இருந்தது. அடித்துச் சொல்ல மாட்டேன். மனைவி பெயர் என்ன என்று கேட்டாள். யாரிடமும் கேட்காத கேள்வி அது. எனக்கு வேறு எந்தப் பெயரும் ஞாபகம் வரவில்லை.

"சந்திரமதி."

பிள்ளை விசிறியைக் கீழே வைத்தார்.

"ஆமா, தெரியுமே," என்றான் சுப்பையன், ஏன் என்று தெரியாமலே. பின்னால் இருந்தவர்கள் "எங்களுக்கும் தெரியும்" என்றார்கள். அந்த வார்த்தை செமாபோக் வரை போய்த் திரும்பி வந்தது. கல்யாணத்தில் பிரியாணி தின்றதாக ஹனீபா நானா சொன்னார்.

பிள்ளை வரிசையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். இது நிஜமா என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். சந்திரமதி என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

"சுடா," என்றாள்.

"கல்யாணத்துக்கு நான் வந்திருந்தேனா?" பிள்ளை ஹனீபா நானாவைக் கேட்டார்.

"நல்லா கேட்டீங்க! நீங்கதானே முன்னால உக்காந்திருந்தீங்க?"

பிள்ளை வெகுநேரம் யோசித்தார். அன்றைக்கு மழை பெய்தது இல்லையா என்றார். ஆமாம், நல்ல மழை என்றோம் எல்லோரும். உடனே மூவாருக்கு ஆள் அனுப்பினார்: பெண்ணுக்கு எப்போதோ கல்யாணம் ஆகிவிட்டது, சொல்ல மறந்துவிட்டோம், மன்னிக்க வேண்டும் என்று.